முதல் எபிசோடிலேயே ஒப்புக்கொண்ட சந்தேக நபர்: ஒரு குற்றத்தொடரின் தொடக்கம் திருத்தப்பட்ட விதம்

பின்னணி

மதுரையில் நடக்கும் கொலை வழக்கு ஒன்றைச் சொல்லும் எட்டு எபிசோடு வெப் சீரிஸ் இது. அதன் முதல் எபிசோடு எப்படி எழுதப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது, மாற்றியதால் என்ன நடந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். தொடரின் பெயரும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் இதில் இருக்காது. நான் மாவட்ட நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்குகள் நடத்துபவன். சட்ட விவரங்களைப் பார்த்துத் தரச் சொல்லி இயக்குநர் என்னிடம் ஸ்கிரிப்டைக் கொடுத்தார். போலீஸ் நடைமுறைக்கு ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் குழுவில் இருந்தார்.

கதை மார்கழியில் தொடங்குகிறது. விடிவதற்கு முன், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடோனில் வட்டிக்குப் பணம் கொடுக்கும் பெரியவர் வெட்டுப்பட்டுக் கிடக்கிறார். திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பூ மூட்டை ஏற்றி வரும் குட்டியானை டிரைவர்மேல் சந்தேகம் விழுகிறது. அவர் இறந்தவரிடம் கடன்பட்டவர். முதல் நாள் கமிஷன் கடை வாசலில் இருவருக்கும் வாய்த்தகராறு நடந்திருக்கிறது. கொன்றது இவர்தானா என்பது எட்டாவது எபிசோடில்தான் தெரிய வேண்டும். அதுவரை பார்ப்பவர் மனம் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இயக்குநரின் கணக்கு.

கதையின் விதை ஒரு பத்திரிகைச் செய்தி. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகி, குடும்பத்தோடு அதே பகுதியில்தான் இருக்கிறார். அதனால் ஊர், தொழில், கொலை நடந்த இடம், ஆயுதம், உறவுமுறை எல்லாம் முதலிலேயே மாற்றப்பட்டன. இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

முதல் வரைவில் இருந்தது

48 நிமிட எபிசோடு. ஐந்தாவது நிமிடத்தில் பிணம். ஒன்பதாவது நிமிடத்தில் டிரைவரை மார்க்கெட்டிலிருந்து போலீஸ் ஜீப்பில் ஏற்றுகிறது. அதன்பிறகு கால் மணி நேரத்துக்கு மேல் விசாரணை: இருட்டறை, ஆடும் பல்பு, அடி. 31-வது நிமிடத்தில் "ஆமா சார், நான்தான் வெட்டினேன்" என்று அழுகிறார். கண்மாய்க்குக் கூட்டிப்போய் அரிவாளை எடுத்துக் கொடுக்கிறார். அடுத்து கோர்ட். நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டுகிறார், மனைவி அலறுகிறார். கடைசியில் வேறு யாரோ ஒருவர் போனில், "வேலை முடிஞ்சது" என்கிறார்.

எழுத்தில் வேகம் இருந்தது. வசனம் மதுரைப் பேச்சாக இருந்தது, சென்னையில் உட்கார்ந்து எழுதிய மதுரை இல்லை. விசாரணைக்கு நடுவில் ஒரு நகைச்சுவையும் இருந்தது. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா மாவுக்கட்டுதான்டா" என்று ஏட்டையா சொல்ல, பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்.

நான் முதல் வாசிப்பில் குறித்துக் கொடுத்தவை பெரும்பாலும் சில்லறைத் திருத்தங்கள். நம் நீதிமன்றங்களில் சுத்தியல் கிடையாது. வசனத்தில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவான "302" என்கிறார்கள், ஆனால் ஒரு காட்சியில் செல்போன் திரை 2025 என்று காட்டுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவுதான் வரும். ஆனால் 302 என்றால் டீக்கடையில் இருப்பவருக்கும் புரியும், 103 என்றால் வக்கீலே ஒரு நொடி யோசிப்பார். அதனால் கதையை 2023 மார்கழிக்குத் தள்ளினோம். இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் பழைய எண்களிலேயே நின்றன. இங்கே இனி வரும் நடைமுறைச் சட்ட, சாட்சியச் சட்டப் பிரிவுகளும் அப்போது நடப்பில் இருந்தவையே.

வாசிப்பில் தெரிந்தது

படப்பிடிப்புக்கு முன் கே.கே.நகரில் வாடகைக்கு எடுத்த மாடியில் ஸ்கிரிப்டை நடிகர்கள் வாய்விட்டு வாசித்தார்கள். கேட்க வந்தவர்கள் கலவையான கூட்டம்: பூ மார்க்கெட் கமிஷன் கடைக்காரர்கள், கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா, கல்லூரி மாணவர்கள், என் ஜூனியர்கள். முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, கொன்றது யார் என்று எழுதச் சொன்னார் இயக்குநர். பெரும்பாலான சீட்டுகளில் டிரைவர் என்றே இருந்தது. கடைசி போன் காட்சியை யாரும் பொருட்படுத்தவில்லை. கூலிக்குச் சொல்லி வைத்த ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பூக்கட்டும் அம்மா சீட்டில் எதுவும் எழுதாமல் நேராகவே கேட்டார்: "அவன்தான் ஒத்துக்கிட்டானே தம்பி, அப்புறம் மிச்சக் கதை எதுக்கு?"

இரண்டாவது கேள்வியும் அவரிடமிருந்துதான் வந்தது. ஸ்கிரிப்டில் குடோன் முழுக்க மல்லிகை மலையாகக் குவிந்திருக்கிறது. "மார்கழியில ஏது இவ்வளவு மல்லி? செவ்வந்தியைக் கொட்டுங்க" என்றார். கமிஷன் கடைக்காரர்கள் தலையாட்டினார்கள். பனிக்காலத்தில் மல்லி வரத்து அடியோடு குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, அதன் பருவம்கூடத் தெரியாமல் மதுரைக் கதை எடுத்தால் உள்ளூர்க்காரர்கள் விடமாட்டார்கள்.

இந்தச் சின்னத் திருத்தம் கதைக்கு எதிர்பாராத உதவி செய்தது. டிரைவருக்கு வாடகை மூட்டைக் கணக்கில். மார்கழியில் மூட்டை குறைந்தால் வருமானம் குறையும், தவணை தவறும், வட்டிக்காரரோடு தகராறு வரும். அதுவரை எழுத்தாளர் ஏதோ பழைய பகை என்று ஒட்டவைத்திருந்த காரணம் இப்போது பருவத்திலிருந்தே வந்துவிட்டது.

பிடித்த நேரமும் காட்டிய நேரமும்

வாசிப்புக்குப் பிறகு இயக்குநர், இன்ஸ்பெக்டர், நான், எழுத்தாளர்கள் இருவர் உட்கார்ந்து பேசினோம். வாக்குமூலத்தை எடுத்துவிட்டால் எபிசோடில் என்ன மிஞ்சும் என்பது எழுத்தாளர்களின் கவலை. நான் இன்ஸ்பெக்டரிடம் ஒன்று கேட்டேன்: ஸ்கிரிப்டில் டிரைவரைச் செவ்வாய் விடியற்காலையில் ஏற்றுகிறீர்கள், மாஜிஸ்திரேட் முன்னால் வியாழன் காலை நிறுத்துகிறீர்கள், நடுவில் இரண்டு நாள் எங்கே போயிற்று?

அவர் தயங்கவில்லை. "வக்கீல் சார், பிடிச்ச நேரம் வேற, அரெஸ்ட் காட்டுற நேரம் வேற. செவ்வாய்க்கிழமை செக்யூர் பண்ணியாச்சு. புதன் சாயங்காலம் அரெஸ்ட் காட்டுவோம். நீங்களும் இதை வச்சுத்தானே குறுக்கு விசாரணை பண்றீங்க?"

உண்மைதான். கைது செய்தவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு. நடைமுறைச் சட்டத்தின் 57-வது பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்று எழுதுகிற பேனா ஸ்டேஷன் ரைட்டர் கையில் இருக்கிறது. கைதுக் குறிப்பில் பெரும்பாலும் ஒரு பேருந்து நிறுத்தம் வரும், அங்கே சந்தேகத்துக்கு இடமாக ஒருவர் நின்றுகொண்டிருப்பார். நான் பார்த்த வழக்குக் கட்டுகளில் எத்தனை பேர் இப்படிப் பேருந்துக்குக் காத்திருந்து மாட்டினார்கள் என்று யோசித்தால், நம்மூரில் பஸ் வசதி மோசம் என்று தோன்றும்.

எபிசோடின் உயிர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது அங்கே தெளிவானது. கொலை நடந்த இரவில் டிரைவர் எங்கே இருந்தார் என்பது ஒரு கேள்வி. பிடிபட்ட பிறகு இரண்டு நாள் எங்கே இருந்தார் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குப் போலீஸ் பதில் தேடுகிறது, இரண்டாவதற்குப் போலீஸே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், டிரைவரையும் நம்ப முடியாது, போலீஸையும் நம்ப முடியாது. இயக்குநர் தேடிய ஊசலாட்டம் அதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வாக்குமூலக் காட்சியை முழுவதுமாக எடுத்தோம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியச் சட்டம் 25-வது பிரிவின்படி குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது. காவலில் இருக்கும்போது சொன்னதும் மாஜிஸ்திரேட் முன்னிலையில் இல்லாவிட்டால் 26-வது பிரிவின்படி செல்லாது. அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் 27-வது பிரிவில் உள்ளே வரும். நீதிமன்றத்தில் நிற்காத ஒன்றை எபிசோடின் உச்சியில் வைத்தால், ரசிகர் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வார். வாசிப்பில் நடந்ததும் அதுவே. புதிய வரைவில் வாக்குமூலம் கண்ணில் படாது, காதிலும் விழாது. ரைட்டர் எழுதிக்கொண்டிருக்கிறார், டிரைவர் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போடுகிறார், என்ன எழுதியிருக்கிறது என்று கேமரா காட்டாது.

அரிவாள் மீட்கும் காட்சியில்தான் விவாதம் நீண்டது. எழுத்தாளர்களில் ஒருவர், அரிவாள் முன்கூட்டியே ஸ்டேஷன் மேசையில் இருப்பதாகக் காட்டலாம் என்றார். அப்படிக் காட்டினால் போலீஸ் ஜோடித்த வழக்கு என்று முதல் நாளே முடிந்துவிடும், ஊசலாட்டம் இந்தப் பக்கம் சாய்ந்துவிடும். இன்ஸ்பெக்டர் நடைமுறையைச் சொன்னார்: பொருளைக் கைப்பற்றியதை எழுதும் மகசரில் சாட்சிக் கையெழுத்துக்கு கிராம நிர்வாக அலுவலரையும் தலையாரியையும் வரச் சொல்வார்கள். அதை வைத்து இப்படி எழுதப்பட்டது. கிராம நிர்வாக அலுவலர் பைக்கை கண்மாய்க் கரைமேல் நிறுத்துகிறார். கருவேல மரங்களுக்கு நடுவில், கீழே, சிலர் குனிந்து எதையோ எடுக்கிறார்கள். முதலில் குனிந்தது டிரைவரா கான்ஸ்டபிளா என்று கரையிலிருந்து தெரியாது, நமக்கும் தெரியாது. அவர் இறங்கி வருவதற்குள் அரிவாள் துணிப்பையில். வண்டி டேங்க்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போடுகிறார். "எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள்?" என்ற கேள்வி ஆறாவது எபிசோடில் கூண்டில் அவருக்காகக் காத்திருக்கிறது.

மனைவி வரும் காட்சி முழுக்க மாறியது. முதல் வரைவில் அவரை இரவில் ஸ்டேஷனுக்கு இழுத்து வந்து மிரட்டுகிறார்கள். பெண்ணை விசாரிக்க வேண்டுமென்றால் அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்பது நடைமுறைச் சட்டம் 160-வது பிரிவு. சட்டம் மீறப்படுவதைக் காட்டுவதில் தவறில்லை, ஆனால் அந்தக் காட்சியும் போலீஸை ஒரேயடியாக வில்லனாக்கியது. புதிய வரைவில் அவரை யாரும் கூப்பிடவில்லை. மார்க்கெட்டில் யாரோ சொல்லித் தானாக வருகிறார், கையில் தூக்குவாளி. வாசலில் பாரா நிற்கும் கான்ஸ்டபிள் வயதில் சின்னவர்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தாகளாம்ல..."

"உள்ள யாரும் இல்லக்கா."

அவர் போகவில்லை. எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார். வெயில் ஏறுகிறது. கான்ஸ்டபிள் இரண்டு முறை அவரைப் பார்க்கிறார். அப்புறம் மெல்ல வந்து, "சாப்பாடா அது? குடுங்க" என்று தூக்குவாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்குவாளி திரும்ப வருகிறது. காலியாக, கழுவி. "உள்ள யாரும் இல்லக்கா, வீட்டுக்குப் போங்க" என்று மறுபடியும் சொல்கிறார். மனைவி மூடியைத் திறந்து பார்க்கிறார், ஒன்றும் பேசாமல் எழுந்து போகிறார். அடி, அலறல் எதுவும் இல்லை. ஆள் உள்ளேதான் இருக்கிறார், சாப்பிடும் நிலையில் இருக்கிறார், கைது இன்னும் காட்டப்படவில்லை. இந்த மூன்றும் அந்தத் தூக்குவாளியில் வந்துவிடுகின்றன. கான்ஸ்டபிளும் கெட்டவர் இல்லை. காவல் நிலையங்களில் கேமரா வைக்கச் சொல்லி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதால், தூக்குவாளி உள்ளே போன பதிவைக் கேட்டு வக்கீல் மனுப்போடுவது பிந்தைய எபிசோடில் இயல்பாகவே வந்தது. இந்தக் காட்சியை எழுதியது குழுவின் இளைய எழுத்தாளர். நான் சட்டப்பிரிவை மட்டும்தான் சொன்னேன்.

கொலை நடந்த இரவுக்கு ஒரு சான்று வேண்டியிருந்தது. கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டிய நேரம் பாஸ்டேகில் பதிவாகியிருந்தால் டிரைவர் தப்பிவிடலாம். ஆனால் உள்ளூர் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்குவதா விடுவதா என்று பல வருடமாகத் தகராறு ஓடும் இடம் அது. கதையில் உள்ளூர் வண்டி என்று ஓரமாக விட்டுவிடுகிறார்கள், பதிவு இல்லை. இத்தனை நாள் அவர் போராடி வாங்கிய சலுகையே இப்போது அவருக்கு எதிராக நிற்கிறது. "கேமரா இருக்குமே" என்றார் இன்ஸ்பெக்டர். இருக்கும். ஆனால் அதைக் காலத்தில் கேட்டு வாங்க யாராவது இருக்க வேண்டும், பழைய பதிவு அழிந்துவிடும். கமிஷன் கடை எடைச்சீட்டில் நேரம் இருக்காது, தேதிதான். எனவே அவர் சொல்லும் நேரத்துக்கு அவர் வாய்ச்சொல் மட்டுமே சாட்சி.

மாவுக்கட்டு வசனத்தை எடுக்கச் சொன்னது நான். நடிகருக்கு அதில் வருத்தம், வாசிப்பில் கைதட்டல் வாங்கிய வரி அது. ஆனால் 2020-இல் சாத்தான்குளம் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளான தந்தையும் மகனும் இறந்தபோது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த ஊர் இது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்ததும் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான். அதற்குப் பிறகும் ஒரு ஏட்டையா அதைச் சொல்லிச் சிரித்தால், பார்ப்பவர் அவரோடு சேர்ந்து சிரிக்கமாட்டார். வசனம் போனது. அடித்தார்களா என்ற கேள்வி மட்டும் எபிசோட் முழுக்க நின்றது.

கோர்ட் காட்சிக்குப் பதில் ரிமாண்ட், அதாவது கைதானவரை மாஜிஸ்திரேட் சிறைக்காவலுக்கு அனுப்பும் நடைமுறை. மாஜிஸ்திரேட் வீட்டு வராண்டா, இரவு. அதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவப் பரிசோதனை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகக் காட்டப்படுகிறது. மாஜிஸ்திரேட் கண்ணாடியைச் சரிசெய்து, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்: எப்போது கைது செய்தார்கள், வீட்டுக்குத் தகவல் போனதா, அடித்தார்களா? டிரைவருக்குப் பின்னால் இரண்டடியில் அவரைக் கூட்டி வந்த அதே ஆட்கள். "இல்லைங்கய்யா" என்கிறார். எபிசோட் முடிகிறது.

தளத்தின் எதிர்ப்பு

ஓடிடி தளத்தின் கதைப் பிரிவில் இருந்தவர்கள் இதை முதலில் ஏற்கவில்லை. முதல் எபிசோட் முடிவில் கொக்கி இல்லை என்றார்கள். அவர்கள் சொன்ன மாற்று, வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் முன்னால் வைத்துவிடுவது. அது சட்டப்படி செல்லுமே என்று கேட்டார்கள். செல்லும் என்பதுதான் சிக்கல். 164-வது பிரிவில் மாஜிஸ்திரேட், ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, ஒப்புக்கொண்டால் உனக்கு எதிராகவே பயன்படும் என்று எச்சரித்து, யோசிக்க நேரம் கொடுத்து, பிறகுதான் பதிவு செய்வார். அத்தனையும் தாண்டி ஒருவர் ஒப்புக்கொண்டால் மீதி ஏழு எபிசோடுக்கு வக்கீலுக்கு வேலை இல்லை.

கடைசியில் இயக்குநர் ஒரு சமரசத்துக்கு வந்தார். "இல்லைங்கய்யா" என்ற பதிலுக்குப் பிறகு, மத்திய சிறையில் சேர்க்கும்போது உடம்பைப் பார்த்து எழுதும் பதிவேடு சில நொடி வரும். இடது முன்கையில் வீக்கம் என்று எழுதுகிறார்கள். "எப்படி?" என்ற கேள்விக்கு டிரைவர், "மூட்டை தூக்கினதுல" என்கிறார். பொய்யா நிஜமா என்று சொல்ல முடியாது. மூட்டை தூக்குகிறவர்தானே.

படப்பிடிப்பு

மார்க்கெட்டைப் படப்பிடிப்புக்காக நிறுத்த முடியாது. மொட்டாக இருக்கும்போதே கைமாற வேண்டிய சரக்கு அது, ஏலம் யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் நடிகரை நிஜக் கூட்டத்துக்குள் விட்டுச் சின்னக் கேமராவில் எடுத்தார்கள். ஜீப்பில் ஏற்றும் காட்சியில் பக்கத்தில் நின்ற நிஜச் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர், "ஏய், எதுக்குயா அவனை இழுக்குறீங்க?" என்று குறுக்கே வந்துவிட்டார். விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு அந்தத் துண்டை வைத்துக்கொண்டார்கள். எபிசோடின் நல்ல நடிப்புகளில் அதுவும் ஒன்று.

விளைவு

முதல்கட்டமாகத் தொகுத்த ரஃப் கட் அதே மாடியில், ஏறக்குறைய அதே ஆட்களுக்குப் போடப்பட்டது. இந்த முறை சீட்டுகள் சிதறின. டிரைவர், இறந்தவரின் மருமகன், கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை என்று மூன்று பக்கமும் ஆள் இருந்தது. சிலர் யாரையும் எழுதாமல் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். பூக்கட்டும் அம்மா, "அந்தப் பிள்ளை தூக்கை வாங்கிட்டுப் போச்சுல்ல, அப்பவே எனக்குப் புரிஞ்சுருச்சு, ஆனா அவன் வெட்டலேன்னு சொல்லமாட்டேன்" என்றார். இயக்குநருக்கு அது போதுமானதாக இருந்தது.

எபிசோடின் நீளம் 53 நிமிடமாயிற்று. வெளியானபோது 16 வயதுக்கு மேற்பட்டோருக்கான வகைப்பாட்டோடு வந்தது. முதல் வரைவில் இருந்த அடிதடி அப்படியே இருந்திருந்தால் வயது வந்தோருக்கு மட்டும் என்று ஆகியிருக்க வாய்ப்பு அதிகம், அது தளத்துக்கும் பிடித்திருக்காது.

எல்லாம் சரியாக அமையவில்லை. டோல்கேட் விஷயம் மதுரைக்கு வெளியே புரியவில்லை. சென்னையிலும் கோவையிலும் பார்த்தவர்கள், டோலில் நின்று வந்த வண்டிக்கு எப்படிப் பதிவு இருக்காது என்று கேட்டார்கள். கதையில் ஓட்டை என்றே பலர் நினைத்தார்கள். இரண்டாவது எபிசோடில் வக்கீலின் ஜூனியர் வாயால் இரண்டு வரி விளக்கம் பின்னர் சேர்க்க வேண்டியதாயிற்று, அது ஒட்டுப்போட்டது போலவே தெரிகிறது. மெதுவாகப் போகிறது என்று பாதியில் விட்டவர்களும் உண்டு. கிரிமினல் பக்கம் இருக்கும் நண்பர்கள் சிலருக்கு மாஜிஸ்திரேட்டைக் காட்டிய விதம் பிடிக்கவில்லை, ரிமாண்டை யாரும் இவ்வளவு இயந்திரமாகச் செய்வதில்லை என்றார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கேள்விகள் எல்லாம் முறையாகவே கேட்கப்படுகின்றன. பதில் சொல்கிறவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான் காட்சி.

இன்ஸ்பெக்டர், தன் பழைய சகாக்கள் போனில் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. ஒருவர் மட்டும், தூக்குவாளியைக் கழுவிக் கொடுக்கிற அளவுக்கு எந்த ஸ்டேஷனில் தண்ணீர் வருகிறது என்று கேட்டாராம்.

அடுத்த முறை மாற வேண்டியவை

சட்டம் தெரிந்தவரையும் போலீஸ் நடைமுறை தெரிந்தவரையும் கதைச் சுருக்கம் எழுதும் கட்டத்திலேயே உட்கார வைக்க வேண்டும். முழு வரைவு வந்த பிறகு கூப்பிட்டதால் விசாரணைக் காட்சிகளுக்கென்று போட்டிருந்த அரங்கச் செலவு வீணானது. தொழில் தெரிந்தவர்களுக்கும் இதே விதிதான். பூக்கட்டும் அம்மாவின் ஒரு கேள்வி வாசிப்பு நாளில் வந்ததால் தப்பித்தோம். வெளியான பிறகு வந்திருந்தால் மீம் ஆகியிருக்கும்.

உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றின்மேல் சாட்சியத்தை நிறுத்துவதாக இருந்தால், அதை முன்கூட்டியே ஒரு சாதாரணக் காட்சியில் விதைத்துவிட வேண்டும். டிரைவர் டோலில் காசு கொடுக்காமல் கையைக் காட்டிவிட்டுப் போகும் ஒரு காட்சி எபிசோடின் தொடக்கத்தில் இருந்திருந்தால் அந்த இரண்டு வரி விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

ரிமாண்ட் காட்சியில் ஒரு ஆள் குறைகிறார். வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவருக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் ரிமாண்ட் நேரத்திலேயே இலவச வக்கீல் கிடைக்கும். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. வராண்டாவில் டிரைவரைத் தனியாக நிறுத்தினால் காட்சிக்குக் கனம் கூடும் என்பது இயக்குநரின் வாதம். கனம் கூடியது, ஆனால் இதைப் பார்க்கும் ஏழை ஒருவருக்கு அப்படி ஓர் உதவி இருப்பதே தெரியாமல் போகிறது. அடுத்த கதையில் அவர் வர வேண்டும், தாமதமாக வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டே ஓடி வருபவராக இருந்தாலும் பரவாயில்லை. அதை இப்போது எழுதிக்கொண்டிருக்கும் வரைவில் இளைய எழுத்தாளர் சேர்த்திருக்கிறார். ஆனால் அவர் அந்த வக்கீலுக்குக் கொடுத்திருக்கும் முதல் வசனம் ஜாமீன் பற்றியது. ரிமாண்ட் அன்றே கொலை வழக்கில் மாஜிஸ்திரேட்டிடம் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.